இருட்டுக் குசினி: இடிக்காமல் வெளிச்சமாக்க வழி இருக்கோ?

தாவடியாள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். குசினி திருத்திறதைப் பற்றி இஞ்சை விசயம் தெரிஞ்ச ஆக்களிட்டை ஒரு யோசனை கேக்கோணும். அளவுகளை முதலே எழுதிறன்.

1960களிலை கட்டின வீடு. குசினி தென்கிழக்கு மூலையிலை, கிழக்கு மேற்கா 12 அடி, தெற்கு வடக்கா 10 அடி. சுவர் சுண்ணாம்புக் கல்லு, 15 அங்குலத் தடிப்பு. கூரை ஓடு, கிழக்காலை சரியுது, சீலிங் இல்லை. கிழக்குச் சுவரிலை 3 அடிக்கு 3 அடி யன்னல் ஒண்டு. அதுக்குக் கீழை 8 அடி நீளம், 2 அடி அகலத்திலை கறுப்புச் சாயம் போட்ட சீமெந்துத் தட்டு, அதிலைதான் காஸ் அடுப்பும் சிங்கும். தட்டுக்குக் கீழை பாலை மரக் கதவு ஆறு, கடும் மண்ணிற வார்னிஷ். தெற்கிலை கதவு, கதவுக்கு வெளியிலை தகரப் பத்தி. தென்மேற்கு மூலையிலை புகைக்கூட்டோடை விறகடுப்பு, இப்ப கிழமைக்கு ஒருக்காத்தான் எரியிறது. நிலம் சிவப்புச் சீமெந்து.

சுவரிலை கீழ் 4 அடிக்குப் பிறகாலை ஆரோ சீமெந்து பூசிப் பச்சை எனமல் அடிச்சிருக்கினம். அதுக்கு மேலை வெள்ளைச் சுண்ணாம்பு, புகையிலை பழுப்பேறிக் கிடக்கு. பச்சையும் வெள்ளையும் சேர்ற இடத்திலை உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக் கொட்டுது. லைற் ஒண்டுதான், மேற்குச் சுவரிலை 4 அடி ரியூப்.

பாத்த மேசன் சொல்லுறார், நிலத்தை உடைச்சு ரைல்ஸ் போட்டு, சுவருக்கும் முகடு மட்டும் ரைல்ஸ் ஒட்டி, பிவிசி சீலிங் அடிச்சு, வெள்ளைப் பான்ரி கபேட் பூட்டினால் பளிச்செண்டு வரும் எண்டு. அவ்வளவுக்குக் காசில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் சமைக்கிறவ, ஒரு கிழமைக்கு மேலை குசினியை மூடி வைக்கேலாது. தைப்பொங்கலுக்கு முதல் முடிச்சால் நல்லம். எதை முதல் செய்யிறது, எதை விடுறது?

மட்டக்கோல் எழுதினது:

முதல் ஒரு சோதினை செய்யுங்கோ. காலமை 9 மணிக்கு லைற்றை நிப்பாட்டிப்போட்டு, யன்னலடியிலை ஒரு வெள்ளைக் கடுதாசியைப் பிடிச்சுப் பாருங்கோ. பிறகு அதே கடுதாசியோடை மேற்குச் சுவரடிக்குப் போங்கோ. யன்னலடியிலையே மங்கலாக் கிடந்தால் பிழை வெளியிலை: மரக்கொப்பு, பத்தி, எதிர் மதில். யன்னலடியிலை பளிச்செண்டு இருந்து உள்ளுக்கை வரவர இருண்டால் பிழை சுவரிலையும் நிலத்திலையும். நல்ல வெள்ளைச் சுவர் தன்னிலை படுற வெளிச்சத்திலை 80 வீதத்தைத் திருப்பி விடும். உங்கடை பச்சை எனமலும் கறுப்புத் தட்டும் 10, 15 வீதத்தைத் திருப்பினால் பெரிய காரியம். யன்னலை இரண்டு மடங்கு பெருப்பிச்சாலும் அந்த வெளிச்சத்தைச் சுவர் விழுங்கிப்போடும்.

அடுத்தது உந்த உப்பு. சுண்ணாம்புக் கல்லுச் சுவர் நிலத்திலை இருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு இருக்குமட்டும் அந்த ஈரம் முழுச் சுவராலையும் ஆவியாப் போய்க்கொண்டிருந்தது, ஒருத்தருக்கும் தெரியேல்லை. கீழ் 4 அடியைச் சீமெந்தாலையும் எனமலாலையும் அடைச்சவுடனை ஈரத்துக்குப் போக வழியில்லை. மேலை ஏறி, அடைப்பு முடியிற கோட்டிலை வெளிய வந்து, கொண்டுவந்த உப்பை அங்கை விட்டிட்டுப் போகுது. முகடு மட்டும் ரைல்ஸ் ஒட்டினால் அந்தக் கோடு முகட்டுக்குப் போகும், இல்லாட்டி சுவருக்கு மற்றப் பக்கம் வீட்டு அறைக்குள்ளை உப்புப் பூக்கும். அந்த யோசனையை விட்டிடுங்கோ.

செய்ய வேண்டியது: வெளியிலை கிழக்கு, தெற்குச் சுவரடியைப் பாருங்கோ. வெளி மண் உள் நிலத்தை விட உயர்ந்து கிடந்தால் வெட்டி இறக்கி, உள் நிலத்துக்கு 6 அங்குலம் கீழையாவது கொண்டுபோகோணும். சிங் தண்ணி சுவரடியிலை விழுந்தால் பைப் போட்டு வாழைக்கு விடுங்கோ. பிறகு உள்ளுக்கை அந்தச் சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுக்கோணும். பழைய எனமலிலை ஈயம் இருக்கக்கூடும், அதாலை உரஞ்சுதாள் போட்டுக் காய்ஞ்சபடி உரஞ்ச வேண்டாம். தண்ணி தெளிச்சுத் தெளிச்சுப் பூச்சோடையே கழட்டினால் தூசி பறக்காது. சுவரிலை நிக்கிற உப்பைக் காய்ஞ்ச தும்புத் தூரிகையாலை தட்டிக் கூட்டி அள்ளுங்கோ. கழுவினால் கரைஞ்சு திரும்ப உள்ளுக்கை போயிடும்.

கொத்தின சுவர் காயோணும். எங்கடை ஆக்களின்ரை கைக்கணக்கு, ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாசம். 15 அங்குலச் சுவர் இரண்டு பக்கத்தாலையும் காயிறதாலை ஏழெட்டு மாசம் எண்டு வையுங்கோ. முழுக்கக் காயுமட்டும் குசினியை மூடி வைக்கத் தேவையில்லை. சுண்ணாம்பு ஒண்டுக்கு மணல் மூண்டு கலந்து பூசிவிட்டால் அந்தப் பூச்சுக்குள்ளாலையே ஈரம் போய்க்கொண்டிருக்கும். சீமெந்து கலக்க வேண்டாம். மேசன் "ஒரு சட்டி போட்டால் கெதியா இறுகும்" எண்டு கேப்பார், விடாதேங்கோ. கடல் மணலும் வேண்டாம், அதிலையே உப்பு இருக்கு.

அதுக்கு மேலை எமல்சனும் அடியாதேங்கோ. பிளாஸ்ரிக் தோல் மாதிரி மூடி, மாரிக்குக் கொப்பளிக்கும். சுண்ணாம்புதான். நீத்த சுண்ணாம்பை அரிச்சு, பால் பதத்துக்குக் கரைச்சு, சுவரை நனைச்சுப்போட்டு நாலு தரம் மெல்லிசா அடியுங்கோ. ஈரமா இருக்கேக்கை ஒண்டும் அடிக்காத மாதிரித்தான் தெரியும், காயக் காயத்தான் வெள்ளை ஏறும். அவசரப்பட்டுத் தடிப்பா அடிச்சால் உரியும். உடுப்புக்குப் போடுற நீலம், ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேலை வேண்டாம், பழுப்பை மறைச்சு வெள்ளையைத் தூக்கிக் காட்டும். கூடினால் ஆசுப்பத்திரி வாட்டு மாதிரி ஆகும். கண்ணாடி போடாமல் மேலை பாத்து அடிக்கக்கூடாது, சுண்ணாம்புத் துளி கண்ணிலை பட்டால் கண்ணைச் சுடும்.

புகைக்கூட்டடியிலை மட்டும் சுண்ணாம்பு வேலைசெய்யாது. அங்கை இருக்கிறது வெறும் கரியில்லை, விறகுத் தார். எத்தினை தரம் அடிச்சாலும் மஞ்சளா ஊறி வெளிய வரும். அந்த இரண்டு மூண்டு அடி இடத்திலை பழைய பூச்சையே கொத்தி எடுத்துப் புதுசாப் பூசுங்கோ.

சுவிச்சடி எழுதினது:

மட்டக்கோல் அண்ணை சுவரைச் சொல்லிப்போட்டார், நான் லைற்றுக்கு வாறன்.

மேற்குச் சுவரிலை ரியூப், அம்மா கிழக்கைப் பாத்து நிண்டு சமைக்கிறா. அப்ப வெங்காயம் வெட்டுற இடத்திலை விழுறது அவவின்ரை நிழல். ரியூப்பைப் பெரிசாக்கினால் நிழல் இன்னும் கடுமையா விழும், அவ்வளவுதான். லைற்றுகள் இரண்டு விதமா வேணும்: அறைக்கு ஒண்டு, தட்டுக்கு வேறை.

அறைக்கு: 120 சதுர அடி, ஏறக்குறைய 11 சதுர மீற்றர். சும்மா நடந்து திரிய, பெட்டியளிலை சாமான் தேட 200 லக்ஸ் காணும் (லக்ஸ் எண்டால் ஒரு சதுர மீற்றரிலை விழுற வெளிச்சம், லுமென் எண்டால் லைற் விடுற மொத்த வெளிச்சம்). ஓட்டுக் கூரையும் சிவப்பு நிலமும் பாதியை விழுங்கும் எண்டு கணக்கெடுத்தால் 4,400 லுமென் வேணும். 20 வாற் எல்ஈடி பற்றன், அதுதான் நீளப் பட்டி லைற், இரண்டு சரி. இரண்டையும் சுவரிலை அடிக்காமல் வளையிலை இருந்து தொங்கவிட்டு, ஒண்டைத் தட்டின்ரை முன் விளிம்புக்கு நேர் மேலையும் மற்றதை அறையின்ரை மேற்குப் பாதியிலையும் போடுங்கோ.

தட்டுக்கு: வெட்டுற இடத்திலை 500 லக்ஸ் வேணும். யன்னலுக்கு இரண்டு பக்கமும் இராக்கை இருந்தால், அதின்ரை அடியிலை 2 அடி எல்ஈடி ரியூப் ஒவ்வொண்டு, 8, 9 வாற். இராக்கையின்ரை முன் விளிம்போடை பூட்டோணும். பெரும்பாலும் சுவரோடை ஒட்டிப் பூட்டிப்போடுவினம், அப்ப சுவருக்குத்தான் வெளிச்சம், கத்தியடியிலை இருட்டு. முன்னுக்கு அரை அங்குலப் பட்டி அடிச்சால் கண்ணிலையும் குத்தாது.

நிறம்: லைற்றின்ரை நிறத்தைக் கெல்வினிலை சொல்லுவினம், கூடக்கூட நீலம் பாயும். கடையிலை 6500 கெல்வினைத்தான் தூக்கித் தருவினம், "நல்ல வெள்ளை" எண்டு. அதுக்குக் கீழை சிவப்பு நிலம் செத்துக் கிடக்கும், மீன்குழம்பு சாம்பல் பூத்த மாதிரித் தெரியும். 4000 கெல்வின் கேட்டு வாங்குங்கோ. பெட்டியிலை சிஆர்ஐ எண்டு ஒரு இலக்கம் இருக்கும், சாமானின்ரை நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் எண்ட அளவு அது, 80க்குக் குறைஞ்சதை வாங்காதேங்கோ, 90 கிடைச்சால் தட்டுக்கு அதைப் போடுங்கோ. மிளகாய்த்தூள் வறுக்கேக்கை நிறம் பாத்துத்தானே இறக்கிறது. ஒரே அறையிலை ஒரு 6500, ஒரு 4000 எண்டு கலக்கவும் வேண்டாம்.

ரோல் ஸ்ரிப் லைற் போட நினைச்சால் ட்ரைவர், அதுதான் கரண்டை 12 வோல்ற்றுக்கு இறக்கிற பெட்டி, வேணும். ஸ்ரிப்பின்ரை மொத்த வாற்றுக்கு மேலை 25 வீதம் கூடினதா எடுங்கோ. ஸ்ரிப்பை அலுமினியச் சட்டத்துக்குள்ளை ஒட்டாமல் நேரை பலகையிலை ஒட்டினால் சூடு போக வழியில்லாமல் ஒரு வருசத்துக்குள்ளை மங்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கு அந்த ஒட்டும் நிக்காது. குசினிக்கு நான் ரியூப்தான் சொல்லுவன்.

வயரையும் பாருங்கோ. அந்தக் காலத்து வீடெண்டால் ஒரே வயரிலை இருந்துதான் லைற், மிக்ஸி, கேற்றில் எல்லாம் போகும். கேற்றில் 2000 வாற் எண்டால் தனிய 9 அம்பியர் இழுக்கும், ரைஸ் குக்கர் இன்னொரு மூண்டு நாலு. பிளக் பொயின்ற்றுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், தனிப் பிறேக்கர், கரண்ட் கசிஞ்சால் தானா நிக்கிற 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச். சிங்கிலை இருந்து மூண்டு அடியாவது தள்ளி, 13 அம்பியர் சதுரப்பின் பொயின்ற் மூண்டு. இதை மட்டக்கோல் அண்ணை சொன்ன பூச்சைப் பூச முதலே செய்யுங்கோ. பூசினாப்பிறகு காடி வெட்டினால் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாக் கழரும்.

அம்மிக்கல்லு எழுதினது:

தாவடியாள், அந்தச் சிவப்பு நிலத்தைத் தொடாதேங்கோ. வெடிப்பில்லாத இழைச்ச நிலம் இப்ப போட ஆளில்லை. அது இருட்டாத் தெரியிறது அழுக்கும் பழைய மெழுகும் சேர்ந்து. சவர்க்காரத் தண்ணியாலை தும்பு போட்டு உரஞ்சி, இரண்டு நாள் காயவிட்டு, சிவப்பு மெழுகைத் துணியிலை தொட்டு மெல்லிசாத் தேய்ச்சு, காய்ஞ்சாப்பிறகு பொச்சாலை மினுக்குங்கோ. சிங்கடியிலை மட்டும் மெழுகு வேண்டாம், சறுக்கும். மேலை ரைல்ஸ் போட்டால் நிலம் முக்கால் அங்குலமாவது உயரும், தெற்குக் கதவு திறக்காது, அடிப்பலகை வெட்டோணும். அதோடை மினுங்கிற ரைல்ஸிலை எண்ணெய் சிந்தினால் அம்மா விழுந்துபோவா.

கறுப்புத் தட்டைத்தான் மாத்தோணும். கண்ணுக்கு முன்னாலை, யன்னலுக்குக் கீழை கிடக்கிறது அது. தட்டு வெளிறினால் யன்னல் வெளிச்சம் அதிலை பட்டு மேலை எழும்பி முகட்டுக்குப் போகும். இடிக்கத் தேவையில்லை, சீமெந்து உறுதியா இருந்தால் மேலை ஒட்டலாம். வழி இரண்டு. வெளிர் சாம்பல் கிரனைற், இல்லாட்டி 2 அடிக்கு 2 அடிப் போர்சலின் ரைல்ஸ். 8 அடிக்கு நாலு ரைல்ஸ், மூண்டே மூண்டு இடைவெளி. சின்ன ரைல்ஸ் போட்டால் இடைவெளி முழுக்க மஞ்சள் ஏறும். இடைவெளிக்கு எபொக்சி கிறவுட் கேளுங்கோ, வெள்ளைச் சீமெந்து நிரப்பினால் முதல் கறிக்கே மஞ்சள்.

வெளிர் கிரனைற் கறுப்பை விட உறிஞ்சும். வாங்கேக்கை ஒரு துண்டிலை தண்ணித் துளி விட்டுப் பத்து நிமிசம் பாருங்கோ. ஊறிக் கறுத்தால் மஞ்சளும் அப்பிடித்தான் ஊறும். வெள்ளை மாபிளை நினைக்கவும் வேண்டாம். தேசிக்காய்ப் புளியும் பழப்புளியும் பட்ட இடமெல்லாம் மினுக்கம் போய்த் தழும்பு நிக்கும்.

தேங்காய் எங்கை உடைக்கிறனியள்? தட்டின்ரை விளிம்பிலை எண்டால், ரைல்ஸ் ஒட்டின அண்டே மூலை பறக்கும். வெளியிலை கல்லு ஒண்டு வையுங்கோ. விளிம்புக்கு அலுமினியப் பட்டி போட்டால் கைக்கும் வெட்டாது. மேலை ஒட்டினாப்பிறகு தட்டு ஒரு அங்குலம் உயரும் எண்டதையும் மறக்காதேங்கோ. 34 அங்குலம் தாண்டினால் கட்டையான ஆளுக்குத் தோள் நோகும், காஸ் அடுப்பு வாற இடத்தை மட்டும் ஒரு அங்குலம் பதிச்சு விடச் சொல்லுங்கோ.

தட்டுக்குப் பின்னாலை 18 அங்குல உயரத்துக்கு ரைல்ஸ் ஒட்டலாம், அவ்வளவு இடம் சுவரை மூச்சடைக்காது. பூமரம், கோப்பை, திராட்சைக் குலை படம் போட்டது வேண்டாம், அஞ்சு வருசத்திலை அதுதான் பழசாத் தெரியும். வெறும் கிறீம், மட்டான மினுக்கம்.

இன்னொண்டு, கறுப்புச் சிங்கும் கறுப்புப் பைப்பும் இப்ப கடையெல்லாம் கிடக்கு. எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வாறது. ஒரு மாசத்திலை கறுப்பிலை வெள்ளை வெள்ளையாக் காரை படியும், உரஞ்சினால் நிறம் போகும். மினுக்காத ஸ்ரீல் சிங் போடுங்கோ. காரை படிஞ்சால் பாதித் தேசிக்காயாலை தேய்ச்சு, இரண்டு நிமிசத்திலை கழுவிவிடலாம்.

தாவடியாள் எழுதினது:

நன்றி, இவ்வளவு விபரமா ஒருத்தரும் சொல்லேல்லை. கடுதாசியைப் பிடிச்சுப் பாத்தன். யன்னலடியிலையே மங்கல்தான். யன்னலுக்கு ஆறடி தள்ளி மதில், பாசி பிடிச்சுக் கறுத்துக் கிடக்கு. பாலைக் கதவுகளை என்ன செய்யலாம்? பான்ரி கபேட்டை அம்மா விடுறாவில்லை, ஆசையா இருக்கிறா. சீலிங்கும் கேக்கிறா, ஓட்டுக்கு மேலாலை தூசி கொட்டுது எண்டு.

அம்மிக்கல்லு எழுதினது:

பாலை மரத்தைக் கழட்டிப்போட்டு எம்டிஎவ் பலகை, அதுதான் மரநாரைப் பசையோடை அமத்திச் செய்யிற பலகை, வைக்கிறது நட்டம். எம்டிஎவ் சிங்கடியிலை ஒருக்கா நனைஞ்சால் பாண் மாதிரி ஊதும், திரும்ப இறங்காது. பார்ட்டிக்கிள் போர்ட் அதை விட மோசம். வேணுமெண்டால் அலுமினியச் சட்டமும் பிவிசி பலகையும், இல்லாட்டி மரைன் பிளைவூட். கறையானுக்கு அலுமினியம் நல்லம். ஆனால் பெட்டி புதுசாத் தேவையில்லை, கதவின்ரை நிறம் மாறினால் காணும்.

தேக்கெண்டால் வார்னிஷைக் கழட்டினவுடனை வெளிறும். பாலை உள்ளுக்கையும் கடும் சிவப்புத்தான், அதாலை பெயின்ற்தான் வழி. கழட்டிற முதல் ஒவ்வொரு கதவுக்கும் பிணைச்சலுக்கும் உள்பக்கத்திலை இலக்கம் போடுங்கோ. பழைய தச்சுவேலையிலை ஒரு கதவு மற்ற இடத்துக்குப் பொருந்தாது. ஐஞ்சு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு ஒரு பிடி சலவைச் சோடா, கையுறை போட்டு, எண்ணெய் போகுமட்டும் கழுவி, வெறுந்தண்ணியாலை இரண்டு தரம் கழுவுங்கோ. அலுமினியச் சட்டியிலை சோடாவைக் கரைக்காதேங்கோ, கறுத்துப்போகும். ஒரு நாள் வெயிலிலை காயவைச்சு, 120 உரஞ்சுதாள், பிறகு 220. எனமல் அண்டர்கோட் ஒண்டு, 320ஆலை தடவி, மேலை சற்றின் எனமல் இரண்டு. எண்ணெய் எனமல் வெள்ளை, வெளிச்சம் குறைஞ்ச இடத்திலை மஞ்சளாகும், அதாலை தொடக்கத்திலேயே கிறீம் எடுங்கோ. இல்லாட்டித் தண்ணியிலை கரையிற எனமல். மூண்டு நாளிலை காய்ஞ்ச மாதிரித் தெரியும், ஆனால் ஒரு கிழமைக்கு முதல் பூட்டிச் சாத்தினால் சட்டத்தோடை ஒட்டி, இழுக்கேக்கை தோலோடை வரும்.

காஸ் சிலிண்டர் நிக்கிற பெட்டியின்ரை கதவுக்கு மட்டும் அடியிலை ஓட்டை விடோணும். காஸ் காத்தை விடப் பாரம், கசிஞ்சால் நிலத்திலை தேங்கும். மேலை ஓட்டை போட்டுப் பிரயோசனம் இல்லை.

கூரைக்காரன் எழுதினது:

பிவிசி சீலிங் பற்றிக் கேட்டியள். விறகடுப்பு எரியிற அறைக்கு வேண்டாம். பிவிசி 80 பாகை சென்ரிகிறேட்டுக்குக் கிட்ட இளகத் தொடங்கும், புகைக்கூட்டோரம் நெளிஞ்சு மஞ்சளாகும். நெருப்புப் பிடிச்சால் அந்தப் புகை நஞ்சு. ஜிப்சம் சீலிங் எண்டால், ஓட்டாலை வாற ஒழுக்குக்கு ஒரு மாரி தாங்காது. அதோடை இப்ப 10 அடியிலை நிக்கிற வெக்கை 8 அடிக்கு இறங்கி அம்மாவின்ரை தலையிலை நிக்கும், மேலை அணிலும் எலியும் குடியிருக்கும்.

தூசிக்கு வழி: ஓட்டை இறக்கிச் சிலாகையைப் பாத்து, உக்கினதை மாத்தி, ஓட்டுக்கு அடியிலை வெள்ளை நிற நீர்காப்புச் சீற் விரிச்சுத் திரும்ப அடுக்கிறது. தூசியும் நிக்கும், முகடும் வெள்ளையாத் தெரியும். புகைக்கூட்டைச் சுத்தி 2 அடிக்குச் சீற் வேண்டாம். அது இப்ப ஏலாட்டி, ஓட்டின்ரை அடியைத் தூரிகையாலை தட்டி ஒட்டறை அடிச்சு, வளை, கைமரம் எல்லாத்துக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு கை. காய்ஞ்ச தூரிகைதான் முதல். ஈரத்துணி போட்டால் கரி மரத்துக்குள்ளை இறங்கிடும்.

கண்ணாடி ஓடு போடுங்கோ. ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒண்டரை ஓடு போகும். ஆறு கண்ணாடி ஓடு வைச்சால் நாலு சதுர அடி வெளிச்சம். நடுவெயிலிலை அது இருபது 9 வாற் பல்பைவிடக் கூட. உங்கடை கூரை கிழக்குச் சரிவெண்டபடியால் காலமை வெளிச்சம் நல்லா வரும், பின்னேர வெக்கை குறைவு. ஆறையும் ஒரே இடத்திலை குவிக்காமல் இரண்டு இரண்டாப் பிரிச்சு, அறையின்ரை மேற்குப் பாதிக்குக் கிட்ட, நடக்கிற இடத்துக்கு மேலை. காஸ் அடுப்புக்கு நேர் மேலை வைக்கக்கூடாது, வெயில் விழேக்கை நீல நெருப்புக் கண்ணுக்குத் தெரியாது, எரியுதோ அணைஞ்சுதோ தெரியாமல் கை வைப்பினம். தூள் போத்தல் இராக்கைக்கு மேலையும் வேண்டாம், மிளகாய்த்தூள் நிறம் வெளிறும்.

மட்டக்கோல் எழுதினது:

யன்னலடியிலையே மங்கல் எண்டால் முதல் செலவு மதிலுக்கு. தேய்ச்சுப் பாசியை எடுத்து, யன்னலுக்கு நேரை 10 அடி நீளத்துக்கு வெள்ளை அடியுங்கோ. காலமை சூரியன் மதிலுக்குப் பின்னாலை நிக்கும், மத்தியானத்துக்குப் பிறகுதான் மதிலிலை வெயில் பட்டு யன்னலுக்குள்ளை திரும்பும். குசினி பின்னேரம்தான் கூட இருட்டும், அந்த நேரத்துக்குச் சரியா வரும். வருசத்துக்கு ஒருக்கா மாரி முடியத் திரும்ப அடிக்கோணும். பத்தித் தகரத்திலை கதவுக்கு நேர் மேலை நிக்கிற சீற்றை எடுத்திட்டு ஒளி போற பைபர் சீற் ஒண்டு. மார்கழி, தையிலை சூரியன் தெற்காலை சரிஞ்சு நிக்கிறதாலை அப்பதான் அதின்ரை பலன் தெரியும்.

யன்னலைப் பெருப்பிக்க வேண்டாம். 15 அங்குலச் சுவரிலை யன்னல் நிலைக்கு உள்பக்கம் இருக்கிற கீழ் விளிம்பைச் சரிவாச் செதுக்கி, வெள்ளை அடிச்சால் காணும். இரண்டு பக்கத்தையும் விரிச்சுச் செதுக்கலாம், ஆனால் லின்ரல், அதுதான் யன்னலுக்கு மேலை சுவரைத் தாங்கிற உத்தரம், இரண்டு பக்கச் சுவரிலையும் எவ்வளவு ஏறிக் கிடக்கு எண்டு பாத்த பிறகுதான். செதுக்கினாப்பிறகும் ஒவ்வொரு பக்கமும் 6 அங்குலமாவது சுவரிலை நிக்கோணும். மரலின்ரல் எண்டால் ஊசியாலை குத்திப் பாருங்கோ, உக்கிக் கிடந்தால் கையே வைக்காதேங்கோ.

காலம்தான் பிரச்சினை. இப்ப ஆடி, சோழகக் காத்து அடிக்குது. சுவர் காய இதை விட நல்ல காலம் இல்லை, ஆனால் கதவுக்கு எனமல் அடிக்கக் கூடாத காலம், தூசி வந்து ஒட்டும். கதவைக் கழட்டி அறைக்குள்ளை வைச்சு அடியுங்கோ. சுவர் கொத்து, வயர், சுண்ணாம்புப் பூச்சு மூண்டையும் இந்த மாசத்துக்குள்ளை ஒரு கிழமையிலை முடிக்கலாம். அந்தக் கிழமை பத்தியிலை சமையல். ஆவணியிலை தட்டும் ரைல்ஸும், அதுக்கு மூண்டு நாள். புரட்டாசிக்குள்ளை சுண்ணாம்பு நாலு கையும் அடிச்சு முடியுங்கோ. ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் ஒண்டும் காயாது. கார்த்திகையிலை அடிச்சுத் தைப்பொங்கலுக்குப் பளிச்செண்டு காட்டினால் சித்திரைக்குத் திரும்ப ஏணி வைக்கோணும்.

முதல் மாரிக்கு உப்பு கொஞ்சம் திரும்பப் பூக்கும், சுவருக்குள்ளை மிச்சம் இருக்கிறது வெளிய வாறது அது. தட்டிக் கூட்டி விடுங்கோ, பயப்பிடத் தேவையில்லை. இரண்டாவது மாரிக்கும் அதே அளவு பூத்தால் வெளியிலை இருந்து தண்ணி எங்கையோ வருகுது எண்டு தேடுங்கோ.

தாவடியாள் எழுதினது:

சரி, மதில், சுவர், வயர், தட்டு, கதவு எண்டு போறன். சீலிங் இல்லை எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன், முகம் கொஞ்சம் சுருங்கினது. புகை போக எக்ஸோஸ்ற் பான் ஒண்டு போடலாமோ? எந்த அளவு? கண்ணாடி ஓடு எல்லாக் கடையிலையும் ஒரே மாதிரியோ?

சுவிச்சடி எழுதினது:

போடலாம். 12க்கு 10க்கு 10 அடி எண்டால் 1,200 கன அடி, 34 கன மீற்றர். மணித்தியாலத்துக்கு 15 தரம் காத்து மாறோணும் எண்டு வைச்சால் 510 கன மீற்றர். பெட்டியிலை அந்த இலக்கத்தைப் பாத்து அதுக்குக் கூடினதா எடுங்கோ, இறகின்ரை அங்குலத்தை மட்டும் பாத்து வாங்காதேங்கோ. கிழக்குச் சுவரிலை, காஸ் அடுப்புக்கு மேலை, எவ்வளவு உயரத்திலை ஏலுமோ அவ்வளவு உயரத்திலை. விறகடுப்பு எரியேக்கை எக்ஸோஸ்ற் பான் ஓடினால் புகைக்கூட்டாலை போற புகையைத் திரும்ப உள்ளுக்கை இழுக்கும். அந்த நேரம் நிப்பாட்டி வையுங்கோ, இல்லாட்டித் தெற்குக் கதவு முழுக்கத் திறந்து கிடக்கோணும்.

கூரைக்காரன் எழுதினது:

ஒரே மாதிரி இல்லை. பழைய ஓட்டின்ரை கொளுவும் காலும் இப்ப வாறதோடை பொருந்தாது, கால் அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் அந்த இடத்தாலை ஒழுகும். உங்கடை கூரையிலை இருந்து ஓடு ஒண்டைக் கழட்டி, கரி துடைச்சு, கையிலை கொண்டுபோய்க் கடையிலை ஒண்டுக்கு மேலை ஒண்டு வைச்சுப் பாத்து வாங்குங்கோ. ஆறு வேணுமெண்டால் எட்டு எடுங்கோ, தேங்காய் விழுற வளவு.